பவளம் வாழும் ஆழத்தை அளந்து பாருங்கள்: இன்காய்ஸ் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் மற்றும் விஞ்ஞானிகள்,
இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்),
ஹைதராபாத்.

மதிப்புக்குரியீர்,

வணக்கம். கோடை தொடங்கிவிட்டால் அந்தமானில் பவளத்தோடு வாழ்கிறவர்கள் எல்லோரும் உங்கள் இணையதளத்தைத் திறந்து பார்ப்பது வழக்கம். 2011 முதல் நீங்கள் வெளியிட்டு வரும் பவள வெளிறல் எச்சரிக்கை அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவு, மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா ஆகிய பகுதிகளைக் கண்காணிக்கிறது. கடல் சூடேறினால் பவளம் நிறமிழந்து வெண்மையாகி மடியத் தொடங்கும்; அதுதான் வெளிறல். கடல் வழக்கத்தைவிட எவ்வளவு சூடேறியிருக்கிறது, அந்தச் சூடு எவ்வளவு காலம் நீடித்திருக்கிறது என்று கணக்கிட்டு அபாயத்தைச் சொல்கிறது. மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிப்பதும், சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும் பேரலையான கள்ளக்கடல் வரும் நாளை முன்கூட்டிச் சொல்வதும் நீங்கள்தான். தமிழகக் கடற்கரையில் உங்கள் நிறுவனத்தின் பெயரை அறியாதவர்கள்கூட உங்கள் எச்சரிக்கையைக் கேட்டுப் படகைக் கரையேற்றியிருக்கிறார்கள். அந்தப் பணிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் என் கோரிக்கைக்கு வர வேண்டும்.

கோரிக்கை இதுதான். செயற்கைக்கோள் அளக்கும் கடல்மட்ட வெப்பத்தோடு நின்றுவிடாமல், பவளம் வாழும் ஆழத்திலும் வெப்பத்தை அளக்க ஏற்பாடு செய்யுங்கள். அளந்ததை எச்சரிக்கையில் சேருங்கள். அந்தத் தரவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். மற்ற பவளப் பகுதிகளைவிட அந்தமான் கடலுக்கு இது ஏன் அவசரத் தேவை என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்தக் கடலுக்குள் ஓடும் உள்ளலைகள்தான் காரணம்.

நான் விஞ்ஞானி இல்லை. அந்தமானில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, நீர்மூழ்கி வழிகாட்டியாக வேலை செய்து வருகிறவன். உள்ளலை பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஆனால் இது திறந்த மடல். கடலியல் படிக்காதவர்களும் படிப்பார்கள். அவர்கள் துணை இல்லாமல் இந்தக் கோரிக்கை நிறைவேறப் போவதும் இல்லை. ஆகவே அவர்களுக்காகச் சில பத்திகள்.

வெயில் நாளில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே கை சுடும், முழங்கை வரை இறக்கினால் விரல் நுனி குளிரும். அந்தமான் கடலும் அப்படி அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது. மேலே 28, 29 பாகை செல்சியஸில் வெதுவெதுப்பான நீர். சில பத்து மீட்டர் இறங்கியதும் வெப்பம் மளமளவென்று விழத் தொடங்குகிறது. அதற்குக் கீழே குளிர்ந்த, கனத்த, சத்து மிகுந்த நீர். நடுவில் வெப்பம் விழுகிற பகுதியை வெப்பச்சரிவு அடுக்கு என்பார்கள்.

காற்றைவிட நீர் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் கடல்மட்டத்தில் பத்து மீட்டர் அலை எழும்பப் புயல் வேண்டியிருக்கிறது. சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடோ ஆயிரத்தில் சில பங்குதான். அந்த எல்லையை அசைக்கப் பெரிய விசை தேவையில்லை. அசைந்துவிட்டால் அது அடங்குவதும் மெதுவாகத்தான். ஐம்பது, அறுபது மீட்டர் உயரத்துக்கு அந்த எல்லை ஏறி இறங்கும்போதும் மேலே நிற்கும் படகு ஒரு முழம்கூட உயராது. படகில் இருப்பவருக்குத் தம் காலடியில் இருபது மாடிக் கட்டட உயரத்துக்கு நீர் புரண்டு போனது தெரியாமலே போகும். இந்த அலைகள்தான் உள்ளலைகள்.

நிக்கோபார், பெரிய அலை என்று ஒரே வாக்கியத்தில் கேட்டதும் 2004 டிசம்பர் நினைவுக்கு வருவது இயல்பு. எங்கள் குடும்பங்களில் அந்த நாளை மறந்தவர் யாரும் இல்லை. ஆனால் உள்ளலைக்கும் சுனாமிக்கும் சம்பந்தம் கிடையாது. சுனாமி நிலநடுக்கத்தில் பிறக்கிறது, எப்போதோ வருகிறது. உள்ளலை நிலவும் சூரியனும் எழுப்பும் ஓதத்தில், அதாவது கடலின் ஏற்ற வற்றத்தில் பிறக்கிறது, அன்றாடம் வருகிறது. கரையில் இருப்பவரை அது தொடுவதே இல்லை.

மியான்மரின் தென்மேற்கு முனையிலிருந்து சுமத்ரா வரை கடலடியில் ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அதன் சிகரங்கள் நீருக்கு மேலே தலைநீட்டிய இடங்கள்தான் அந்தமான் தீவுகளும் நிக்கோபார் தீவுகளும். ஓதம் நாளுக்கு இரண்டு முறை வங்காள விரிகுடாவுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையே இந்தத் தொடரின் இடைவெளிகள் வழியாக ஏறி இறங்குகிறது. லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் நடுவே பத்துப் பாகைக் கால்வாய், கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே பெருங்கால்வாய் என்று பல வாசல்கள். நீருக்குள் மூழ்கிய மேட்டின் மேல் ஓதம் பாயும்போது, மேட்டைத் தாண்டியதும் வெப்பச்சரிவு அடுக்கு பள்ளமாக அமுங்குகிறது. ஓதம் திரும்பும்போது அந்தப் பள்ளம் விடுபட்டு அலையாகக் கிளம்புகிறது. போகப்போக ஒற்றை அலை பல அலைகளின் வரிசையாகப் பிரிகிறது. பெரியது முன்னால், சிறியவை பின்னால். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதம் வலுக்கும் நாள்களில் இவையும் வலுக்கின்றன.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. மலாக்கா நீரிணை நோக்கிப் போன கப்பல்களின் மாலுமிகள், காற்றே இல்லாத நாளில் கடல் நீண்ட பட்டைகளாகச் சலசலத்துக் கலங்குவதை 19ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார்கள். 1965இல் பெர்ரி, ஷிம்கி என்ற இரு ஆய்வாளர்கள் சுமத்ராவின் வடமேற்கே 80 மீட்டர் உயர உள்ளலைகளை அளந்து வெளியிட்டார்கள். 1975 ஜூலையில் அப்போலோ-சோயுஸ் விண்கலத்திலிருந்து எடுத்த படங்களில் அந்தமான் கடலின் அலைக்கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. அதே காலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டப் போன கப்பலை இந்த அலைகள் அலைக்கழித்தன. ஆஸ்பர்ன், பர்ச் என்ற இருவர் அங்கே கருவிகளை இறக்கி, 60 மீட்டர் அளவு உயரமும் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வேகமும் கொண்ட அலைகளைப் பதிவுசெய்து 1980இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். இந்தியாவிலேயே 1950களில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு வந்த அமெரிக்கக் கடலியலாளர் யூஜின் லாஃபாண்ட், கிழக்குக் கரைக் கடலின் வெப்ப அடுக்கு ஓதத்தின் காலக்கணக்குப்படி ஏறி இறங்குவதைத் தம் சகாக்களுடன் அளந்து காட்டியிருக்கிறார். உலகத்துக்கே முன்னோடியான வேலை அது. அந்த மரபின் வாரிசுகள் நீங்கள்.

மாலுமிகள் குறித்த அந்தப் பட்டையை நானும் படகிலிருந்து பார்த்திருக்கிறேன். காற்று விழுந்த காலை நேரம், கடல் எண்ணெய் தடவிய பளபளப்போடு கிடந்தது. கிழக்கே கருப்பாக ஒரு கோடு தெரிந்தது. பக்கத்தில் வந்ததும் கோடு அகன்று, முழங்கால் உயரத்துக்குக் குட்டை அலைகள் நின்ற இடத்திலேயே குதிக்கும் பட்டையாக மாறியது. மழை பெய்கிற சத்தம் கேட்டது, வானத்தில் மேகம் இல்லை. என்ஜினை நிறுத்தியிருந்தோம், படகின் மூக்கு தானாகத் திரும்பியது. நீவாடு (நீரோட்டம்) பிடித்துக்கொண்டது என்றார் படகோட்டி அண்ணன். பட்டையின் விளிம்பில் நுரையும், இலைகளும், மரத்துண்டுகளும், யாரோ வீசிய பாட்டில்களும் ஒரே கோடாகச் சேர்ந்திருந்தன. அதற்குள் விரல் நீள மீன்குஞ்சுகள் கூட்டமாகத் திரிந்தன. ஆலாப் பறவைகள் மேலே வட்டமிட்டு ஒவ்வொன்றாகப் பாய்ந்தன. பிறகு பட்டை எங்களைக் கடந்து போய்விட்டது, கடல் மறுபடியும் வழவழப்பாகிவிட்டது.

குப்பையும் குஞ்சும் அங்கே கூடுவதற்குக் காரணம் உண்டு. உள்ளலை கடக்கும்போது மேல்நீர் சில இடங்களில் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்குகிறது, சில இடங்களில் விலகுகிறது. நெருங்கும் இடத்தில் நீர் கீழே இறங்கிவிடும். மிதப்பவை மேலேயே தங்கிவிடும். 1980களில் கலிஃபோர்னியாவில் ஆலன் ஷாங்க்ஸ் என்ற உயிரியலாளர், நண்டுகளும் மீன்களும் குஞ்சுப் பருவத்தில் இப்படிப்பட்ட பட்டைகளில் சேர்ந்து கரையை நோக்கி வருவதைக் காட்டினார். நீந்தத் தெரியாத ஒரு குஞ்சுக்குப் பல கிலோமீட்டர் பயணத்துக்கு இதைவிட நல்ல வாகனம் வேறில்லை. தென்சீனக் கடலின் டோங்ஷா பவளத் தீவருகே பெரிய உள்ளலைகள் வரும்போது அவற்றை ஒட்டிப் பைலட் திமிங்கிலங்கள் இரை தேடுவதை ஆய்வுக் கப்பலில் இருந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அலை அள்ளி வருவதை அவை உண்கின்றன.

இனிப் பவளத்துக்கு வருகிறேன். என் மனதை மிகவும் ஆட்கொண்ட சான்று நம் தீவுகளிலிருந்து வரவில்லை, எதிர்க்கரையிலிருந்து வருகிறது. நிக்கோபார் வாசல்களில் பிறந்து கிழக்கே கிளம்பும் அலைகள் ஏறத்தாழ இரண்டு நாள் பயணத்துக்குப் பிறகு தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை அடைகின்றன. அங்கே கடல் ஆழம் குறைகிறது. திறந்த கடலில் பள்ளமாக வந்த அலை, சரிவில் ஏறும்போது உருமாறி, உடைந்து, குளிர்ந்த நீரைப் பவளத்தின் மேல் தள்ளுகிறது. சில நிமிடங்களில் வெப்பம் பல பாகை விழுகிறது. 8, 10 பாகை வரை விழுந்ததும் பதிவாகியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பழையபடி சூடு ஏறுகிறது. அடுத்த அலை வருகிறது, மறுபடியும் விழுகிறது.

ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் புக்கெட் கடல் உயிரியல் மையத்தினரும் அங்கே பல ஆண்டுகள் உழைத்தார்கள். அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது தீவுகளின் கிடப்பு. மேற்குச் சரிவில் உள்ளலை நேராக மோதுகிறது. கிழக்குச் சரிவு தீவின் மறைவில் இருக்கிறது. ஒரே தீவு, ஒரே வானம், ஒரே செயற்கைக்கோள் கணக்கு. ஆனால் நீருக்குள் இரண்டு வேறு உலகங்கள். கிழக்கில் பவளம் தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்று வளர்ந்து திட்டாகக் கட்டியிருக்கிறது. மேற்கில் கற்பாறை மேல் தனித்தனித் தொகுதிகளாக ஒட்டியிருக்கிறது, திட்டு எழும்பவில்லை. ஆழத்திலிருந்து வரும் நீரில் குளிர் மட்டும் இல்லை. ஆக்சிஜன் குறைவு, அமிலத்தன்மை கூடுதல். சுண்ணாம்புக் கட்டுமானத்துக்கு அது உகந்ததல்ல. அதே நீர் சத்தையும் மிதவை நுண்ணுயிர்களையும் கொண்டுவருவதால், மேற்குப் பவளங்கள் ஒளியை மட்டும் நம்பியிராமல் பிடித்து உண்டும் வாழ்கின்றன.

2010இல் அந்தமான் கடல் முழுவதும் கொதித்தது. நம் தீவுகளிலும் தாய்லாந்திலும் பவளம் பெருமளவில் வெளிறியது. 2011 தொடக்கத்தில் தாய்லாந்து அரசு பல நீர்மூழ்கித் தளங்களை மூடிவைத்தது. அந்தக் கொடுமையான காலத்தில் சிமிலனில் உள்ளலை மோதும் பக்கத்துப் பவளம் குறைவாக வெளிறியது, குறைவாக மடிந்தது. நல்ல நாளில் பவளத்தின் வளர்ச்சியைத் தடுத்த அதே குளிர்நீர், கெட்ட நாளில் உயிரைக் காப்பாற்றியது. 2015இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த அலைகள் பிறக்கும் வாசல் நம்முடையது. அவற்றால் பவளத்துக்கு ஏற்படும் நன்மை தீமைகளை அறிந்தவர்களோ எதிர்க்கரையில் இருக்கிறார்கள்.

ஆழத்து நீரை நிரந்தரப் பாதுகாப்பு என்று நம்பிவிடவும் முடியாது. மாலத்தீவுக்குத் தெற்கே உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தில் 2019இல் நடந்தது அதற்குச் சாட்சி. கடலின் மேற்குப் பக்கம் சூடேறிக் கிழக்குப் பக்கம் குளிரும் இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வு அந்த ஆண்டு கடுமையாக இருந்தது; கடலின் மேற்குப் பகுதியில் வெப்பச்சரிவு அடுக்கு கீழே இறங்கிவிட்டது. வழக்கமாகக் குளிர்ந்திருக்கும் ஆழத்துக்கும் சூடான நீர் போய்ச் சேர்ந்தது. 90 மீட்டர் ஆழத்தில், 22 பாகையில் வாழ்ந்து பழகிய பவளம் 29 பாகையைச் சந்தித்து வெளிறியது. அப்போது மேலோட்டமான பவளத்துக்குப் பாதிப்பு தெரியவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீர்மூழ்கி இயந்திரத்தின் கேமராவில் பார்த்திருக்காவிட்டால் அது நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. செயற்கைக்கோள் அந்த நாள்களில் எந்த அபாயத்தையும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது: அதன் உணரி பார்ப்பது கடலின் மேல் ஒரு மெல்லிய படலத்தை மட்டுமே.

மேல்மட்டம் கொதிக்கும்போது கீழே பவளம் பிழைக்கிறது. மேல்மட்டம் அமைதியாக இருக்கும்போது கீழே பவளம் சாகிறது. இரண்டும் நடந்திருக்கின்றன. இரண்டிலும் எச்சரிக்கை வரைபடம் தவறான நிறத்தையே காட்டும்.

உங்களிடம் இதற்கான அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2020இல் உங்கள் நிறுவனத்தின் ஜிதினும் பிரான்சிஸும் எழுதிய கட்டுரையை நான் வியப்போடு படித்தேன். அந்தமான் கடலின் ஆழத்து நீர், அதே ஆழத்திலுள்ள வங்காள விரிகுடா நீரைவிட ஏறத்தாழ 2 பாகை சூடாக இருப்பது ஏன் என்ற பழைய புதிருக்கு அவர்கள் விடை சொன்னார்கள்: ஓதத்தில் பிறக்கும் உள்ளலைகள் கிண்ணம் போன்ற அந்தக் கடலுக்குள் உடைந்து, மேல்நீரையும் கீழ்நீரையும் விடாமல் கலக்கிக்கொண்டிருக்கின்றன. உலகக் கடல் முழுவதுக்கும் இது பொருந்தும். ஓதம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஒரு டெராவாட் (லட்சம் கோடி வாட்) ஆழ்கடலில் உள்ளலைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தக் கலக்கல் இல்லாவிட்டால் ஆழத்தில் தங்கிய குளிர்நீரும் சத்தும் மேலே வர வழி குறைந்துவிடும். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கணினியில் கணித்துக் காட்டிய நிறுவனம், அதே அலை ஒரு பவளத் திட்டின் மேல் ஏறும்போது எத்தனை பாகை குளிர்கிறது என்று ஒரு வெப்பமானியை வைத்துப் பார்ப்பது கடினமா?

அந்த வெப்பமானியைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய செலவு என்று யாராவது சொல்லக்கூடும். கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒரு சிறிய மின்கலம், ஒரு உணரி. சாதாரணக் கைபேசியின் விலைக்கு மேல் போகாது. பவளத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து, அதில் பிளாஸ்டிக் பட்டையால் இறுகக் கட்டிவிட்டு வந்தால் பல மாதங்கள் தானாக எழுதிக்கொண்டிருக்கும். எடுக்கப் போகும்போது சிப்பியும் பாசியும் மூடி, கல்லா கருவியா என்று தெரியாமல் கிடக்கும். கத்தியால் சுரண்டி எடுத்து, கரைக்குக் கொண்டுவந்து கணினியில் இணைத்தால் கோடு விரியும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நிமிடத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பதிய வேண்டும். உள்ளலை ஒன்று கடக்கக் கால் மணி நேரமோ சற்றுக் கூடுதலோ ஆகும். மணிக்கு ஒரு முறை அளக்கும் கருவி அதைத் தவறவிட்டுவிடும். அந்த அளவுகளையும் நாள் சராசரியாக்கினால், ஐந்து பாகை வீழ்ச்சிகள் எல்லாம் கரைந்து நேர்கோடாகிவிடும். பவளம் வாழ்வது சராசரியில் அல்ல, அந்த ஏற்ற இறக்கத்தில்.

நீருக்குள் அந்த வீழ்ச்சி எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இருபது மீட்டர் ஆழத்தில், நீர் தெளிவாக இருக்கும்போது, திடீரென்று எதிரே உள்ள பாறை நடுங்குகிறது. கண்ணாடியைத் துடைத்தாலும் நடுக்கம் போகாது. சூடான நீரும் குளிர்ந்த நீரும் கலக்கும் இடத்தில் ஒளி வளைவதால் வருவது அது. அடுத்த நொடி கழுத்துக்குப் பின்னால் குளிர் புகுகிறது. மணிக்கட்டிலுள்ள கருவியில் எண் இறங்குகிறது. நீர் பச்சையாகக் கலங்குகிறது. கிளி மீன்கள் பாறைச் சந்துக்குள் ஒதுங்க, மிதவை நுண்ணுயிர்களை உண்ணும் சிறிய மீன்கள் மட்டும் வெளியே வந்து நீரோட்டத்தைப் பார்த்து வரிசை கட்டுகின்றன. சுருங்கியிருந்த பவளக் கைகள் விரிகின்றன. எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோரிடமும் இப்படிப்பட்ட நினைவுகள் உண்டு. நினைவைத் தரவாக எவரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. ஆகவேதான் கருவி கேட்கிறேன்.

கிரேட் நிக்கோபாரைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியவில்லை. கலாத்தியா விரிகுடாவில் அமையவிருக்கும் துறைமுகத்துக்காக 16,000க்கும் மேற்பட்ட பவளத் தொகுதிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதாக அரசே கூறியிருக்கிறது. அந்தத் துறைமுகம் வேண்டுமா என்பது பற்றி எனக்கு ஆழ்ந்த கவலை உண்டு. அது தனி மடலுக்கு உரியது. இங்கே கேட்பது ஒன்றுதான். பெயர்த்த பவளத்தை எங்கே நடப் போகிறார்கள்? அந்தத் தீவின் தெற்கே இருப்பது பெருங்கால்வாய், உள்ளலைகள் பிறக்கும் பெரிய வாசல்களில் ஒன்று. சிமிலனில் ஒரே தீவின் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இருப்பதைப் பார்த்த பிறகு, சரிவின் திசையும் ஆழமும் தெரியாமல் ஒரு பவளத்தை நடுவது அதன் தலைவிதியோடு சூதாடுவதாகும். எடுக்கும் இடத்திலும் நடும் இடத்திலும் குறைந்தது ஓராண்டு, நிமிடக் கணக்கில் வெப்பத்தை அளக்காமல் ஒரு தொகுதியைக்கூடத் தொடக் கூடாது என்று உங்கள் நிறுவனம் எழுத்தில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் தகுதி உங்களுக்கு இருக்கிறது.

எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து கேட்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளம் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆழத்துக் குளிர்நீர் ஏறிவர வாய்ப்புக் குறைந்த இடம் அது. அங்கே செயற்கைக்கோள் சொல்வது பெரும்பாலும் பவளம் உணர்வதற்கு நெருக்கமாகவே இருக்கும். தூத்துக்குடிக்கும் கார் நிக்கோபாருக்கும் ஒரே அளவுகோல் போதாது என்பதுதான் என் வாதம்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. பத்துப் பாகைக் கால்வாயின் இரு கரைகள், அதாவது லிட்டில் அந்தமானும் கார் நிக்கோபாரும், நான்கௌரித் தீவுகள், கிரேட் நிக்கோபார், ஒப்பிட்டுப் பார்க்க, நாங்கள் அன்றாடம் மூழ்கும் ஹேவ்லாக் பக்கம். ஒவ்வொரு இடத்திலும் கிழக்குச் சரிவில் ஒரு வரிசை, மேற்குச் சரிவில் ஒரு வரிசை. 5, 15, 30 மீட்டரில் கருவிகள். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மிதவைகள் வங்காள விரிகுடாவில் 500 மீட்டர் வரை வெப்பத்தை அளக்கின்றன. திறந்த கடலில் அவை சொல்வதையும் சரிவில் இவை சொல்வதையும் இணைத்துப் பார்த்தால் அலை எங்கே பிறந்தது, எப்போது வந்து சேர்ந்தது என்று பின்தொடரலாம். ஓதத்தை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டிக் கணிக்க முடிகிறது. ஓதத்தின் பிள்ளையான இந்த அலையின் வருகையையும் ஓரளவு கணிக்க முடியும். ரேடார் செயற்கைக்கோள் படங்களில் இந்தக் கோடுகள் மேகத்தையும் இரவையும் மீறித் தெரிகின்றன. இத்தனை கண்கள் இருக்கும்போது நீருக்கு அடியில் மட்டும் நாம் ஏன் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும்?

ஆள் இல்லை என்று சொல்லவும் தேவையில்லை. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை இங்கேயே இயங்குகிறது; தமிழகத்திலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மையம் இருக்கிறது. வனத்துறை இருக்கிறது. நிக்கோபார் தீவுகளில் இதைச் செய்வதென்றால் அங்குள்ள பழங்குடி மன்றங்களின் இசைவோடு, அந்த இளைஞர்களையே பயிற்றுவித்துச் செய்ய வேண்டும். தங்கள் கடலை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. நீர்மூழ்கி வழிகாட்டிகளாகிய எங்களில் பலர் கூலி கேட்காமல் கருவியைக் கட்டவும் எடுக்கவும் தயாராக இருக்கிறோம். எங்களுக்கு வேண்டியவை கருவிகள், எந்த முறையில் அளப்பது என்ற உங்கள் வழிகாட்டுதல், அளந்ததை வாங்கிச் சேர்த்து வெளியிட ஓர் இடம், அனுமதி கேட்டு அலையாமல் இருக்க ஒரு கடிதம்.

அந்தமானில் நீர் மிகச் சூடாக இருப்பது ஏப்ரல், மே மாதங்களில். அடுத்த கோடைக்கு முன்னால், பிப்ரவரிக்குள், முதல் கருவிகளாவது நீருக்குள் இருக்க வேண்டும். வரும் வாரங்களில் உங்கள் பவளப் பிரிவினர் ஒருவரை ஸ்ரீ விஜயபுரத்துக்கு (பழைய போர்ட் பிளேர்) அனுப்பி எங்களோடு பேச வையுங்கள். தேதியைச் சொன்னால் படகோடு காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அந்தமான் தீவுகளைச் சேர்ந்த நீர்மூழ்கி வழிகாட்டி ஒருவன்